"ரெயின் செக்" என்றால் வரமாட்டேன் என்று அர்த்தமா?

வடபழனிவாசி:
ஓஹையோவிலிருந்து எங்கள் ஆபீசுக்கு வந்திருக்கும் ஒருவரை வெள்ளிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். "ரெயின் செக் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். பேஸ்பாலிலிருந்து வந்த பேச்சு என்கிறார்கள், எப்படி வந்தது? வர இஷ்டமில்லாமல் நாசூக்காகச் சொன்னாரா, மறுபடி கூப்பிடலாமா?

ஒன்பதாம்இன்னிங்ஸ்:
பேஸ்பால்தான், சந்தேகமே வேண்டாம். அமெரிக்காவில் 1880களிலேயே, மழையால் ஆட்டம் நின்றுபோனால், காசு கொடுத்து வந்தவர்கள் இன்னொரு நாள் சும்மா வந்து பார்க்க ஒரு சீட்டு கொடுப்பார்கள், அதுதான் ரெயின் செக். இந்த 'செக்' பேங்க் செக் இல்லை, பொருளை வைத்துவிட்டுப் போகும்போது தருகிற டோக்கன் மாதிரி. இதில் ஒரு தொல்லை என்னவென்றால், மழை வந்ததும் வேலி ஏறிக் குதித்தவன், ஓசி பாஸில் வந்தவன் எல்லாரும் வரிசையில் நின்று சீட்டு வாங்கிக்கொள்வார்கள். நியூ ஆர்லியன்ஸ் அணியை நடத்திய ஆப்னர் பவல் இதனால்தான் டிக்கெட்டோடேயே கிழித்து வைத்துக்கொள்ளும் துண்டைச் சேர்த்தார் என்று சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

சேப்பாக்கம்ரசிகன்:
பாதி ஆட்டம் பார்த்துவிட்டாலும் சீட்டு உண்டா?

ஒன்பதாம்இன்னிங்ஸ்:
பொதுவாக இல்லை. ஒன்பது இன்னிங்ஸில் ஐந்து முடிந்துவிட்டால் அது முழு ஆட்டமாகக் கணக்கு. சொந்த ஊர் அணி முன்னிலையில் இருந்தால் நாலரையே போதும். அதற்கு முன்னால் மழை கொட்டினால்தான் சீட்டுக்கு மதிப்பு.

நியூஜெர்சிஅக்கா:
இங்கே மளிகைக் கடையிலும் இந்தப் பேச்சு உண்டு. தள்ளுபடி என்று விளம்பரம் பண்ணிய சாமான் தீர்ந்துபோனால் சில கடைகளில் ரெயின் செக் எழுதித் தருவார்கள், அடுத்த வாரம் சரக்கு வந்ததும் அதே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

தம்பி, உங்கள் ஆள் விஷயத்துக்கு வருகிறேன். இன்று முடியாது, ஆனால் அழைப்பு அப்படியே இருக்கட்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். சிலர் தட்டிக்கழிக்கவும் சொல்வார்கள், அது உண்மைதான். "அடுத்த வாரம் எப்படி?" என்று அவரே கேட்டாரா? அப்படியென்றால் வர ஆசை இருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லையென்றால் நீங்களே ஒரு நாளைச் சொல்லி இன்னொரு தடவை கூப்பிடுங்கள், அதில் தப்பே இல்லை. அப்போதும் அதையே சொன்னால் விட்டுவிடுங்கள்.

வடபழனிவாசி:
ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரு நாள் வருகிறேன் என்றும் சொன்னார் அக்கா. சரி, புதன்கிழமைக்குக் கேட்டுப் பார்க்கிறேன்.