பன்றி கிரானுலோசா செல்கள்: எஃப்எஸ்ஹெச் கொடுத்தும் எஸ்ட்ரடையால் ஏறவில்லை, புரோஜெஸ்டிரோன் மட்டும் ஏறுகிறது

இளம்பரிதி:
பன்றிச் சூலகங்களில் 3 முதல் 5 மி.மீ. வரையுள்ள ஃபாலிக்கிள்களை (முட்டை வளரும் பைகளை) ஊசியால் உறிஞ்சி, அவற்றின் உட்சுவரில் இருக்கும் கிரானுலோசா செல்களைப் பிரித்து வளர்க்கிறேன். ஊடகத்தில் 10% கன்றுச் சீரம் உண்டு. மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் எஃப்எஸ்ஹெச் (ஃபாலிக்கிளை வளர்க்கும் ஹார்மோன்) கொடுத்து 48 மணி நேரம் கழித்து அளந்தால், எஸ்ட்ரடையால் என்ற எஸ்ட்ரோஜன் அளவுக் கிட்டின் கீழ் எல்லையிலேயே கிடக்கிறது. புரோஜெஸ்டிரோனோ, ஹார்மோன் சேர்க்காத வெல்களிலும் (தட்டின் குழிகளிலும்) ஏறிக்கொண்டே போகிறது. செல்கள் தட்டையாகப் பரவி, உள்ளே பளபளவென்று கொழுப்புத் துளிகள் தெரிகின்றன. ஹார்மோன் கெட்டுப்போயிருக்குமா?

பிப்பெட்:
ஃபார்ஸ்கோலின் போட்டுப் பாருங்கள். அது எஃப்எஸ்ஹெச் ஏற்பியைத் தொடாமல், செல்லுக்குள் சைகை கடத்தும் சைக்ளிக் ஏஎம்பியை நேரே ஏற்றிவிடும். அதற்குச் செல்கள் பதில் தந்து, எஃப்எஸ்ஹெச்சுக்கு மட்டும் தராவிட்டால் கோளாறு ஹார்மோனிலோ ஏற்பியிலோ இருக்கிறது.

கயல்:
இளம்பரிதி தம்பி, ஃபார்ஸ்கோலின் சோதனை நல்லதுதான். ஆனால் நீங்கள் எழுதியதில் எஸ்ட்ரடையாலுக்கு மூலப்பொருளான ஆண்ட்ரோஜன் என்ற பேச்சே இல்லையே? கிரானுலோசா செல்லில் சிஒய்பி17ஏ1 நொதி அநேகமாகக் கிடையாது. புரோஜெஸ்டிரோன் வரை செய்யும், அதற்கு மேல் ஆண்ட்ரோஜனாக மாற்றத் தெரியாது. உடலுக்குள் எல்ஹெச் என்ற ஹார்மோனின் தூண்டுதலில், கிரானுலோசாவைச் சுற்றியுள்ள தீக்கா செல்கள் ஆண்ட்ரோஜன் செய்து கொடுக்கும். எஃப்எஸ்ஹெச் தட்டியெழுப்பிய அரோமட்டேஸ் நொதி அதை எஸ்ட்ரடையாலாக்கும். தனியாகப் பிரித்த செல்லுக்கு மூலப்பொருளை நாம்தான் கொடுக்க வேண்டும். 100 நானோமோலார் ஆண்ட்ரோஸ்டீன்டயோன் என்ற ஆண்ட்ரோஜனில் தொடங்குங்கள்.

அடுத்தது சீரம். எனக்கு இதுதான் பெரிய கவலை. முட்டை வெளியேறும் முன் கிரானுலோசா அடுக்குக்குள் இரத்தக் குழாயே கிடையாது. அடித்தளச் சவ்வைத் தாண்டி, கொலஸ்ட்ரால் சுமக்கும் எல்டிஎல் துகள்கள் எளிதில் உள்ளே வராது. கொலஸ்ட்ரால் தட்டுப்பாட்டிலேயே அந்தச் செல் வாழ்கிறது. சீரத்தில் போட்டால் ஒரே நேரத்தில் கொலஸ்ட்ராலும் வளர்ச்சிக் காரணிகளும் வந்து கொட்டுகின்றன. புரோஜெஸ்டிரோன் செய்ய உதவும் ஸ்டார் புரதமும் சிஒய்பி11ஏ1 நொதியும் ஏறும், அரோமட்டேஸ் இறங்கும். முட்டையை வெளியேற்றும் எல்ஹெச் எழுச்சிக்குப் பிறகு நடக்க வேண்டிய லூட்டியமாதல் (புரோஜெஸ்டிரோன் சுரக்கும் செல்லாக மாறுவது), எல்ஹெச் ஒரு துளிகூட இல்லாமல் உங்கள் தட்டில் நடக்கிறது. நீங்கள் பார்த்த தட்டை வடிவமும் கொழுப்புத் துளிகளும் அதைத்தான் சொல்கின்றன. நல்ல நிலையில் உள்ள செல்கள் சீரமில்லா ஊடகத்தில் உருண்டு, கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். அந்தக் கொத்துகளைப் பார்த்தாலே மனசு நிறைந்துவிடும்.

செல் ஒட்டுவதற்காக முதல் நாள் மட்டும் சீரம் கொடுத்து, மறுநாள் எடுத்துவிடலாம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, செல் அதற்குள் பாதை மாறத் தொடங்கிவிடுகிறது. ஃபைப்ரோநெக்டின் (செல் ஒட்ட உதவும் புரதம்) பூசிய தட்டில் ஆரம்பத்திலிருந்தே சீரமில்லாமல் போடுங்கள். ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி அவசியம் வேண்டும், பன்றிச் செல்களில் அதுவும் எஃப்எஸ்ஹெச்சும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். இன்சுலினை அள்ளிப் போடாதீர்கள். அதிக அளவில் அது ஐஜிஎஃப்-1 ஏற்பியிலும் போய் ஒட்டும்.

வெண்ணிலா:
கயல் சொன்னதோடு ஒன்று. 1959-ல் ஃபால்க் என்ற ஆய்வாளர் எலிச் சூலகத் திசுக்களைக் கண்ணின் முன்னறையில் நட்டுப் பார்த்து, எஸ்ட்ரோஜனுக்கு இரண்டு வகைச் செல்களும் தேவை என்று காட்டினார். ஆனால் பன்றியில் தீக்கா செல்லுக்கே கொஞ்சம் அரோமட்டேஸ் உண்டு. ஃபாலிக்கிள் சுவரைச் சுரண்டி எடுத்தால் தீக்காவும் கலந்துவிடும், வருகிற எஸ்ட்ரடையால் யாருடையது என்று தெரியாது. செல் பிரித்த கையோடு சிஒய்பி17ஏ1-க்கு ஒரு பிசிஆர் (மரபணுச் சோதனை) போட்டுவிடுங்கள், தீக்கா கலந்திருந்தால் அது காட்டிவிடும்.

இளம்பரிதி:
நன்றி அக்கா, நன்றி வெண்ணிலா. உறிஞ்சித்தான் எடுக்கிறேன், சுரண்டுவதில்லை. இருந்தாலும் பிசிஆர் போடுகிறேன். ஆண்ட்ரோஸ்டீன்டயோன் சேர்த்தால் எஸ்ட்ரடையால் கிட் அதையே எஸ்ட்ரடையால் என்று காட்டிவிடாதா?

கயல்:
காட்டக்கூடும். செல் இல்லாத வெல்களில் அதே ஊடகம், அதே ஆண்ட்ரோஸ்டீன்டயோன் போட்டு, அதே 48 மணி நேரம் இன்குபேட்டரில் வையுங்கள். அதில் வரும் அளவைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் செல் செய்தது. வெல்லுக்கு எத்தனை செல் என்று கணக்கிட்டு எழுத மறக்காதீர்கள். அடர்த்தி கூடினாலும் லூட்டியமாதல் வேகமெடுக்கும்.