லீவர் ஷாக் அப்சார்பர்: 'புயத் தணிப்பி' சரிவருமா?

> 'நெம்புகோல் அதிர்வுறிஞ்சி' என்றே வைத்துவிடலாமே?

ஐயா, வணக்கம். பழைய கார்களின் சக்கரத்தோரம் இருக்கும் லீவர் ஷாக் அப்சார்பருக்கு நீங்கள் சொன்ன இந்தப் பெயரில், இரண்டு சொல்லிலும் எனக்குத் தடை உண்டு.

முதலில் 'அதிர்வுறிஞ்சி'. சக்கரம் குழியில் விழும்போது அந்த இடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கியதை அது திருப்பித் தள்ளும். வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் இந்தக் கருவியின் வேலை. பிரிட்டனில் இதை டாம்பர் என்பதும் அதனால்தான். ஆகவே 'தணிப்பி'.

அடுத்து நெம்புகோல். போன வாரம் கொழிஞ்சாம்பாறைப் பட்டறை ஒன்றில், மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரின் முன்பக்க ஷாக் இரண்டையும் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்கள். கனத்த வார்ப்புக் கூடு, அதைக் குறுக்கே துளைத்து ஒரு தண்டு, தண்டில் கை. கையைத் தூக்கிப் பார்த்தேன். வெல்லப்பாகில் கரண்டியை இழுப்பதுபோல் மெதுவாகத்தான் வந்தது. உள்ளே தண்டோடு திரும்பும் ராக்கர் என்ற ஆடுதுண்டு பிஸ்டன்களைத் தள்ள, எண்ணெய் சின்ன வால்வு வழியே நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. அந்த நெருக்கடிதான் தடை. ஆட்டத்தின் ஆற்றல் எண்ணெயில் சூடாக மாறி, கூட்டின் வழியே வெளியேறுகிறது. மற்ற ஷாக்கின் கையைத் தூக்கினால் பாதித் தூரம் வெறுமனே போய், அப்புறம்தான் பிடித்தது. தண்டோரம் எண்ணெய் கசிந்து காற்று புகுந்திருந்தது.

இதில் நெம்புவது எங்கே? சக்கரம்தான் கையை ஆட்டுகிறது. 1948இல் வெளிவந்த மைனரில் முன்சக்கரத்தைத் தாங்கும் மேல் இணைப்பே இந்தக் கைதான். துலா என்று இன்னொரு அன்பர் எழுதியிருந்தார். ஏற்றக் கிணற்றை நினைவூட்டும் அருமையான சொல். ஆனால் துலாவுக்கு அச்சு நடுவில். இதற்கு ஒரு முனையில்.

பட்டறைக்காரர் தமிழும் மலையாளமும் கலந்து பேசுபவர். இரண்டுக்கும் பொதுவாகக் 'கை' என்றே சொன்னார். எனக்கும் அதுதான் பிடித்தது. ஆனால் 'கைத்தணிப்பி' என்றால் கைப்பம்புபோல, கையால் இயக்குவது என்று படும். தோளில் சுழலும் புயம் அந்த அசைவை அப்படியே காட்டுகிறது. எனவே 'புயத் தணிப்பி'. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழல்களாலான இப்போதைய டெலஸ்கோப்பிக் வகைக்குக் 'குழல் தணிப்பி' என்றால் இரண்டும் ஜோடியாக நிற்கும்.

ஒன்று மிச்சம். மைனரின் பின்பக்கம் கைமுனையையும் சக்கர அச்சையும் சேர்க்க ஒரு குட்டைக் கம்பி உண்டு. 'தொங்கிணைப்பு' எனலாமா?