தேக்குக் கட்டையில் செக்கரிங்: இன்ச்சுக்கு எத்தனை கோடு?

புளியரைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். புளியரையில் நிலை, கதவு, கட்டில் வேலை செய்கிறேன். புனலூரிலிருந்து ஒருத்தர் பழைய ஏர் ரைஃபிள் (4.5 மி.மீ.) கொண்டுவந்தார். கைப்பிடிக்குப் பின்னால் கட்டை பிளந்திருந்தது. தேக்கில் புதுக் கட்டை செதுக்கிவிட்டேன், இரும்புப் பாகமெல்லாம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இப்போது கைப்பிடியிலும் முன்கட்டையிலும் செக்கரிங் (பிடி வழுக்காமலிருக்கக் குறுக்கும் மறுக்குமாகக் கோடு வெட்டி எழுப்புகிற வைரக் கட்டங்கள்) வெட்டித் தரச் சொல்கிறார். வால்நட் கட்டை ஒன்றின் படத்தை அனுப்பி, இதே மாதிரி இன்ச்சுக்கு 24 கோடு வேண்டும் என்கிறார்.

துண்டுப் பலகையில் போட்டுப் பார்க்கிறேன். முதல் சில கோடு நேராக வருகிறது. போகப் போக வைரக் கட்டம் ஒரு பக்கம் நீண்டு, மறு பக்கம் சப்பையாகிறது. இது கருவியின் கோளாறா, கையின் கோளாறா? இதற்கென்று உள்ள கருவி இங்கே எந்தக் கடையிலும் இல்லை.

வாளையார் ரேஞ்ச்:
டெம்-பார்ட், கன்லைன் என்று இதற்கென்றே செட் வருகிறது. வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் வாங்கிவரச் சொல்லுங்கள். அவசரம் என்றால் கோயம்புத்தூர் பக்கம் லேசரில் போட்டுக் கொடுப்பார்கள், ஒரே நாளில் வேலை முடியும்.

பழைய பட்டறை:
லேசர் வளைவில்லாத பலகைக்குச் சரி. கைப்பிடி இரண்டு பக்கமும் வளைந்து இறங்குகிற இடம். சாதாரண லேசர் மிஷினில் அங்கே ஆழம் ஒரே சீராக வராது. வெட்டின இடமும் கரிந்து நிற்கும். கருவி வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

தம்பி, அந்த 24-ஐ முதலில் மறந்துவிடுங்கள். அது நெருக்கமான ரேகை உள்ள நல்ல வால்நட்டுக்கு உரிய கணக்கு. 24 என்றால் கோட்டுக்குக் கோடு ஒரு மி.மீ. சொச்சம்தான். தேக்கில் வருட வளையத்தை ஒட்டிக் கண்ணுக்குத் தெரிகிற துவாரங்கள் வரிசையாக ஓடும். கட்டத்தின் முனை அதன் மேல் விழுந்தால் நகம் பட்டாலே உதிர்ந்துவிடும். தேக்குக்கு 16 போதும், மிஞ்சினால் 18. புனலூர்க்காரரிடம் 24-ஐயும் 16-ஐயும் துண்டுப் பலகையில் வெட்டிக் காட்டுங்கள், அவரே 16-ஐத்தான் எடுப்பார். பிடிக்கிற கைக்கும் அதுதான் சுகம்.

கட்டம் கோணுவதற்கு வருகிறேன். எல்லாம் இரண்டு தாய்க்கோட்டில், அதாவது ஒன்றையொன்று வெட்டுகிற மாதிரி முதலில் போடும் இரண்டு கோட்டில் இருக்கிறது. கட்டத்தின் நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால் கண்ணுக்கு அழகு. அதற்கு இரண்டு கோடும் சந்திக்கிற குறுகிய கோணம் சுமார் 37 பாகை வரவேண்டும். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் அட்டையில் ஒரு வைரம் வெட்டி வைத்துக்கொண்டால் பாகைமானி தேவையில்லை. நீளவாக்கு கட்டையின் நீளத்தோடு போக வேண்டும். வளைவில் ஸ்கேல் படியாது. பழைய எக்ஸ்ரே ஃபிலிமை விரலகலத்துக்கு நீளமாக வெட்டி, இழுக்காமல் அதன் போக்கில் படிய விட்டு ஓரமாகக் கோடு போடுங்கள். பக்கவாட்டில் வலிந்து திருப்பினால் அங்கேயே கோணல் ஆரம்பம்.

கருவியை நீங்களே செய்யலாம். இரண்டு ஹேக்ஸா பிளேடுத் துண்டு, நடுவில் தகடு. பிளேடு கனம் சுமார் 0.65 மி.மீ.; 16 கோட்டுக்கு இடைவெளி 1.59 மி.மீ. அப்படியென்றால் தகடு 0.94 மி.மீ. இருக்கவேண்டும். பல் அலை அலையாக வெளியே வளைந்திருக்கும், அதைச் சாணையில் இழைத்துவிட்டு, பல்லின் இரு பக்கமும் சரித்து வி வடிவம் கொண்டுவாருங்கள். ஒரு பிளேடு ஏற்கெனவே வெட்டின கோட்டுக்குள் ஓடும், மற்றது புதுக் கோடு வெட்டும். முன்னேர் போன வழியே பின்னேர் என்பார்களே, அதேதான். அதனால்தான் முதல் கோட்டில் மயிரிழை பிசகினாலும் கடைசிக் கோடு வரைக்கும் அது கூடவே வரும். ஐந்தாறு கோட்டுக்கு ஒருமுறை ஃபிலிமை வைத்துப் பாருங்கள். எட்டு இடைவெளி சேர்ந்து 12.7 மி.மீ., அதாவது அரை இன்ச் வரவேண்டும். விலகியிருந்தால் அடுத்த சில கோட்டில் கருவியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாமல் மீட்டுவிடலாம். அதைத் தாண்டிப் போனால் மீட்க முடியாது.

இடைவெளி போடும்போது ஆழமாகப் போகாதீர்கள். சும்மா கீறினால் போதும். இரண்டு திசையிலும் கோடு முழுவதும் விழுந்த பிறகுதான் ஆழம். அதையும் ஒரே மூச்சில் இல்லாமல், இரண்டு மூன்று சுற்றாக. ஒரு திசையில் முழு ஆழம் போய்விட்டு மறு திசைக்கு வந்தால் முனைகள் பெயர்ந்து விழும்.

ஆழத்துக்கு நகை ஆசாரிகள் வைத்திருக்கும் சின்ன அரம் வாங்குங்கள். முக்கோண அரத்தின் மூலை 60 பாகை, சதுர அரத்தின் மூலை 90 பாகை. 16 கோட்டில் 60 பாகையால் முனை கூர்மையாக வரவேண்டுமென்றால் கிட்டத்தட்ட 1.4 மி.மீ. ஆழம் போகவேண்டும், 90 பாகைக்கு 0.8 போதும். தேக்குக்குச் சதுர அரம்தான் என் கட்சி. கட்டத்தின் அடி அகலமாக நிற்கும், உடையாது. பார்வைக்கு 60 பாகைதான் எடுப்பு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது வால்நட் வைத்திருப்பவன் படவேண்டிய ஆசை.

அப்புறம் ஒன்று. கட்டையை எண்ணெய் போட்டு முடித்துவிட்டுத்தான் செக்கரிங். முன்னாலேயே வெட்டிவிட்டு உப்புத்தாள் போட்டால் முனையெல்லாம் மழுங்கிவிடும். சாரல் காலத்தில் வேண்டாம். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது தேக்கு உப்பி, வெட்டின இடமெல்லாம் பஞ்சாக எழும்பி நிற்கும்.

புளியரைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. இரண்டு சந்தேகம். ஓரத்தில் கோடு எல்லை தாண்டி ஓடுகிறதே, அதை எப்படி நிறுத்துவது? தேக்கு பல்லைச் சீக்கிரம் மழுக்குகிறதே?

பழைய பட்டறை:
தேக்கில் சிலிகா இருக்கிறது, மழுங்கத்தான் செய்யும். ஒரே மாதிரி இரண்டு மூன்று பிளேடு ஜோடி செய்து வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத் தோன்றினால் பல் போய்விட்டது என்று அர்த்தம்.

எல்லைக் கோட்டைக் கூரான கத்தியால் முதலிலேயே கீறிவிடுங்கள். கடைசிக் கால் இன்ச்சுக்குக் கருவியைத் தள்ளாதீர்கள். எல்லையிலிருந்து உள்பக்கமாக இழுங்கள், அல்லது வி உளியால் முடியுங்கள். விளக்கு பக்கவாட்டில் தாழ்வாக இருக்கட்டும். தலைக்கு மேலே ட்யூப் லைட் எரிந்தால் பள்ளமே தெரியாது.

மலைத்தோட்டம்:
இந்த இழையைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிளில் 1964-க்குப் பிறகு கொஞ்ச காலம் வெட்டாமல் அச்சில் அழுத்தித்தான் செக்கரிங் போட்டார்கள். கட்டம் மேடாக நிற்காமல் பள்ளமாக இருக்கும், கோடுதான் மேடு. அந்த மாதிரி கட்டை யாரிடமாவது வந்தால், பழைய கோட்டின் மேலேயே வெட்ட முடியுமா?

பழைய பட்டறை:
மேடாக நிற்கிற கோட்டைத்தான் பள்ளமாக்கவேண்டும். அந்த மேட்டின் மேல் கருவி நிற்காது, வழுக்கும். வி உளியால் ஒவ்வொரு மேட்டிலும் முதலில் ஒரு தடம் இழுத்துவிட்டு, அப்புறம் அரம் போடுங்கள். கூலியை மட்டும் புதுச் செக்கரிங்கை விடக் கூடுதலாகப் பேசிக்கொள்ளுங்கள்.

புளியரைத் தம்பிக்கு இன்னொன்று: வெட்டி முடித்ததும் பழைய டூத் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, லின்சீட் ஆயிலில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து அதே பிரஷ்ஷால் மெல்லியதாகத் தேயுங்கள். பள்ளத்தில் எண்ணெய் தேங்கிக் காய்ந்தால் பிசினாகிவிடும். எங்காவது ஒரு முனை பெயர்ந்திருந்தால் எண்ணெய்க்கு முன்னாலேயே ஒரு சொட்டு ஃபெவிகுயிக்கும் அதே மரத்தின் தூளும் வைத்து, காய்ந்ததும் அரத்தால் கோட்டை எடுத்துவிடுங்கள்.