ஸ்போர்ட்ஸ் மசாஜுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், கொடுத்த காசுக்குப் பலன் இருந்ததா?

பீளமேட்டிலிருந்து, ஓடுபவர்

வயது 43. பம்ப் கம்பெனியில் வேலை. மூன்று வருடமாக ஓடுகிறேன். வார நாட்களில் ரேஸ்கோர்ஸைச் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை மருதமலை ரோட்டில் கொஞ்சம் நீளமாக. கோவை மாராத்தானில் 21.1 கிலோமீட்டர் ஓடத் தயாராகிக்கொண்டிருந்தபோது வலது கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிப்போனது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்தடி நொண்டித்தான் நடப்பேன். கூட ஓடுகிறவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "ஸ்போர்ட்ஸ் மசாஜ் போட்டுப் பாருங்கண்ணா."

முதலில் ஒரு ஸ்பாவுக்குப் போனேன். ஒரு மணி நேரத்துக்கு 2,500 ரூபாய், வரி தனி. சூடான துண்டு, வாசனை எண்ணெய் என்று எல்லாம் நன்றாக இருந்தது. அன்று ராத்திரி அடித்துப் போட்டது போலத் தூங்கினேன். ஆனால் உடம்பு முழுக்கச் சமமாகத் தேய்த்ததில் கெண்டைக்காலுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். மறுநாள் காலையில் அதே நொண்டல். அவர்கள் மேல் குறையில்லை. அங்கே கிடைப்பது உடம்பு அசதிக்கு, நான் போனது காலுக்கு.

அப்புறம் நண்பர் ஒருவர் சொல்லி ஒரு பிசியோதெரபி கிளினிக். 45 நிமிடம், 1,200 ரூபாய். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் தம்பி முதல் கால் மணி நேரம் என் காலைத் தொடவே இல்லை. வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், ஷூ வாங்கி எத்தனை மாதம், வலி எப்போது ஆரம்பித்தது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். படி விளிம்பில் ஒற்றைக் காலில் நிற்க வைத்து குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னார். இடது கால் 24 தடவை, வலது கால் 13-லேயே நடுங்க ஆரம்பித்துவிட்டது. பிறகுதான் குப்புறப் படுக்கச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே உள்பக்கமாகக் கட்டைவிரலை வைத்து மெதுவாக இறக்கினார். கோலிக்குண்டு மாதிரி ஒன்று உள்ளே நகர்ந்தது எனக்கே தெரிந்தது.

"பத்துக்கு எவ்வளவு வலிக்குதுங்க?"

"எட்டு இருக்கும் தம்பி."

"ஆறுக்கு மேல போனா சொல்லிருங்கண்ணா. பல்லைக் கடிச்சுட்டு இருக்காதீங்க. நீங்க இறுக்குனா சதையும் இறுகிக்கும்."

அழுத்தத்தைக் குறைத்து அங்கேயே நிறுத்திக்கொண்டார். அரை நிமிடம் கழித்து வலி தானாக இறங்கியது. இரண்டாவது தடவை போய்வந்த பிறகு காலை நொண்டல் நின்றுவிட்டது. ஆறு வாரத்தில் நான்கு தடவை போனேன், மொத்தம் 4,800 ரூபாய். அரை மாராத்தானை 2 மணி 19 நிமிடத்தில் முடித்தேன். ஆனால் அந்த ஆறு வாரமும் அவர் சொன்ன குதிகால் பயிற்சியைத் தினமும் செய்தேன், அதனால் எது குணமாக்கியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "நாலாயிரத்து எண்ணூறுக்கு அப்படி என்ன பண்ணுனாங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் உங்கள் அனுபவத்தைக் கேட்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து

நான் ஓடுகிறவன் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை வெள்ளியங்கிரி ஏறுவேன், அவ்வளவுதான். ராத்திரி பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏழு மலையும் ஏறி, விடியற்காலையில் சாமி பார்த்துவிட்டு இறங்கும்போதுதான் தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடும். ஏறும்போது மூச்சு போகும், இறங்கும்போது கால் போகும். மறுநாளைவிட அதற்கு மறுநாள் இன்னும் மோசம். போன தடவை திண்ணைப் படியில் பக்கவாட்டாகத்தான் இறங்கினேன்.

மசாஜ் சென்டருக்குப் போகலாம் என்று கிளம்பினேன், என் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) விடவில்லை. நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை வெதுவெதுப்பாகத் தொடையில் ஊற்றச் சொன்னது. பிறகு காங்கயத்துத் தேங்காய் எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் தடவி, கீழிருந்து மேலாக நீவி விட்டது. "பலமா அழுத்தக் கூடாது கண்ணு, புண்ணான சதை அது" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் சரியாகிவிட்டது. செலவு ஒன்றுமில்லை. இதற்குப் போய் 1,200 கொடுக்க வேண்டுமா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஈரோட்டிலிருந்து, பிசியோதெரபிஸ்ட்

பொள்ளாச்சி நண்பரின் அமுச்சி சொன்னதுதான் சரி. மலை இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. அப்படிப்பட்ட வேலையில்தான் தசை நார்களில் நுண்ணிய சேதம் அதிகம் வரும். அந்த வலி உடனே வராது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் தானாகவே அடங்கும். மசாஜ் செய்தாலும் அடங்கும், செய்யாவிட்டாலும் அடங்கும். செய்தால் அந்த இரண்டு மூன்று நாள் கொஞ்சம் லேசாகப் போகும்.

"லாக்டிக் ஆசிட் தேங்கி நிக்குது, அதை உருவி வெளியே எடுக்கறோம்" என்று சிலர் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் உடம்பே அதைச் சரிசெய்துவிடும். இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2020-ல் ஸ்போர்ட்ஸ் மசாஜ் பற்றி 29 ஆய்வுகளை, ஆயிரத்துக்கும் சற்று அதிகமான பேரை வைத்துச் செய்யப்பட்டவற்றை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வேகம், பலம், தாவுதல், தாக்குப்பிடித்தல் எதிலும் முன்னேற்றம் தெரியவில்லை. உடம்பு வளைவதிலும், உடற்பயிற்சிக்குப் பின் வரும் வலியிலும் மட்டும் சிறிய பலன் இருந்தது. அதனால் பீளமேட்டு அண்ணன் ஓடி முடித்த நேரத்துக்கு மசாஜைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நொண்டாமல் நடக்க முடிந்ததால்தான் அவரால் பயிற்சியை விடாமல் செய்ய முடிந்தது. அந்த வகையில் அந்தக் காசு வீண் இல்லை.

எங்கள் பக்கம் சாதாரண பிசியோ சிட்டிங் 300, 400-க்குக் கிடைக்கிறது. அதில் பாதி நேரம் கரண்ட் மிஷின் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். முக்கால் மணி நேரம் கையால் வேலை செய்ய 700-லிருந்து 1,200 வரை. ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு மேல் அப்படிச் செய்தால் எங்கள் கட்டைவிரல் மூட்டு தாங்காது, அதுதான் காரணம். போகும் இடத்தில் பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) படித்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. நீண்ட பஸ், ரயில் பயணத்துக்குப் பிறகோ, ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த பிறகோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் அதை யாரிடமும் தேய்க்கக் கொடுக்காதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். தேய்த்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போக வாய்ப்பு உண்டு. நேராக டாக்டரிடம் போங்கள்.

கோபியிலிருந்து, கபடி

எங்கள் ஊர் டீமில் எட்டு வருடம் ஆடினேன். ஒரு பொங்கல் டோர்னமெண்டில் ரெய்டு போனபோது எதிர் டீம்காரரின் முழங்கால் என் இடது தொடையில் முழு வேகத்தில் இறங்கியது. ஆட்டம் முடியும்வரை சூட்டில் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி தொடை பானை மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் சுளுக்கு எடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கழுத்துப் பிடிப்பு, கணுக்கால் பிசகு என்றால் நாலு ஊர்க்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். கை அப்படி. அன்று ராத்திரியே போனோம். சூடு பண்ணிய எண்ணெயை ஊற்றி அரை மணி நேரம் நல்லா அழுத்தி உருவினார். "ரத்தம் கட்டியிருக்கு, கரைச்சு உடணும்" என்றார். மூன்று நாளும் தொடர்ந்து போனேன். ஒரு நாளைக்கு 200 ரூபாய். அவர் கேட்கக்கூட இல்லை, நாங்களாக வைத்தது.

ஒரு மாதம் கழித்து முழங்காலைப் பாதிக்கு மேல் மடக்க முடியவில்லை. தொடைக்குள் மரக்கட்டை மாதிரி ஒரு கெட்டி. எக்ஸ்ரே எடுத்தால் சதைக்குள் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்று டாக்டர் பெயர் சொன்னார். பலமாக அடிபட்ட சதையில் தேங்கிய ரத்தம் சில பேருக்கு எலும்பாக மாறுமாம். அடிபட்ட உடனே அழுத்தித் தேய்த்தால் அதற்கு வாய்ப்பு இன்னும் கூடுமாம். முதல் இரண்டு மூன்று நாள் ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு, சும்மா விட்டிருக்க வேண்டும் என்றார். ஐந்து மாதம் மைதானத்துப் பக்கமே போகவில்லை. அந்த சீசனில் டீம் செமி ஃபைனல் ஆடியபோது நான் ஸ்கோர் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரியவரிடம் நேரில் போய் எக்ஸ்ரேயைக் காட்டினேன். சண்டை போடப் போகவில்லை, அவருக்குத் தெரிய வேண்டும் என்றுதான். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தனை வருசத்துல இது எனக்குத் தெரியாமப் போச்சே சாமி" என்றார். இப்போது யார் வந்தாலும் முதல் கேள்வி, "எப்போ அடிபட்டுச்சு?" என்பதுதான். மூன்று நாளுக்குள் என்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

இப்போது நான் டோர்னமெண்ட் வரும் மாதங்களில் மட்டும் ஈரோட்டில் ஓரிடத்தில் 700 கொடுத்து இரண்டு தடவை போகிறேன். பின்தொடையும் இடுப்பும் இளகினால் காலை நீட்டி எதிர் டீம் பக்கத்து போனஸ் லைனைத் தாண்ட நன்றாக வருகிறது.

கரூரிலிருந்து, சைக்கிள்

நான் 3,200 ரூபாய்க்கு ஒரு மசாஜ் கன் (சதையைத் தட்டி அதிர வைக்கும் கையடக்க மிஷின்) வாங்கினேன். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் போதுமானது. கழுத்தின் முன்பக்கம், எலும்பு மேல், முழங்காலுக்குப் பின்னால் உள்ள பள்ளம், இந்த இடங்களில் வைக்காதீர்கள். இரண்டு வருடமாக உழைக்கிறது.

திருப்பூரிலிருந்து

பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன், சாயங்காலம் ஷட்டில் ஆடுவேன். நாள் முழுக்கக் குனிந்து நின்று பீஸ் பார்த்துவிட்டு ஸ்மாஷ் அடித்தால் தோள்பட்டை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் போன ஒரு இடத்தில் முதல் நாளே 10 சிட்டிங் பேக்கேஜ் 9,000 ரூபாய், ஒன்றொன்றாக வந்தால் 1,300 என்றார்கள். லாபம்தானே என்று கட்டிவிட்டேன். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இருந்தது. ஷிப்மெண்ட் நேரத்தில் ஓவர்டைம் வந்துவிட்டது, நான்கு தடவைதான் போக முடிந்தது. மீதிக் காசு வரவில்லை. எனக்கு அது பாதி மாதச் சம்பளத்துக்குப் பக்கம். இன்னும் மனசு ஆறவில்லை. முதல் இரண்டு தடவை தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள், பேக்கேஜ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெண்கள் போகும்போது பெண் தெரபிஸ்ட் இருக்கிறார்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். "இருக்காங்க, வாங்க" என்பார்கள், போனால் அன்று லீவாக இருக்கும். பெயர் கேட்டு, நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். வரி விஷயமும் ஒன்று: ஸ்பா, ஜிம், சலூன் போன்றவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பில்லில் பழைய கணக்கைப் போட்டால் கேளுங்கள்.

இப்போது நான் போகும் அக்கா 600 வாங்குகிறார். தோளைத் தேய்ப்பதற்கு முன்னால் என்னை மேஜை முன் நிற்கச் சொல்லிப் பார்த்தார். "மேஜையை நாலு விரக்கடை ஒசத்தச் சொல்லுங்க கண்ணு, அப்புறம் எங்கிட்ட வர வேண்டியதே இருக்காது" என்றார். சூப்பர்வைசரிடம் கேட்டு மேஜைக் கால்களுக்கடியில் கட்டை வைத்தோம். மாதம் இரண்டு தடவை போய்க்கொண்டிருந்தவள் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன்.

பீளமேட்டிலிருந்து, மறுபடியும்

எல்லாருக்கும் நன்றிங்க. கோபித் தம்பி, உங்கள் எக்ஸ்ரே கதையை எங்கள் ஓட்டக் குழுவில் இன்று காலை அப்படியே சொன்னேன். அடிபட்ட அன்றே ஓடிப்போய்த் தேய்க்கக் கொடுக்கிறவர்கள் எங்களிலும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

வீட்டிலும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வருடத்துக்கு நான்கு தடவைதான், பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மாதத்தில், கால் இறுகினால் மட்டும். மற்ற நாட்களில் படி விளிம்பில் குதிகால் பயிற்சி. இன்று காலை வலது கால் 22 வரை போனது. என் மகள் பக்கத்தில் நின்று எண்ணினாள்.