டிசம்பர், ஜனவரில எந்த ஊர்ல எப்ப நோம்பி? பையர் லீவு தெரிஞ்சவங்க சொல்லுங்க

பல்லடத்தான்:
வணக்கம்ங்க, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சன்டைசரா இருக்கறேன். ஸ்பெயின், ஜெர்மனி, போலந்து, ஜப்பான், இஸ்ரேல்னு பையர் நாலா பக்கமும், ஜிப்பு பட்டன் எல்லாம் சைனா. போன வருசம் பிபி சாம்பிள் (மொத்தமா தைக்கறதுக்கு முன்னால பையர்கிட்ட ஓகே வாங்கற மாதிரி பீஸ்) அனுப்பீட்டு அப்ரூவலுக்கு மெயில் மேல மெயில் போட்டா ஆட்டோ ரிப்ளைதான் வருது, கட்டிங் டேபிள் சும்மா கெடக்குது, அவங்க திரும்பி வந்து ஓகே சொல்றப்ப நம்மாளுக பொங்கலுக்கு பஸ் ஏறிட்டாங்க. ஆரு ஆரு எப்ப ஆபீஸ் மூடுவாங்க?

நொய்யல்கரை:
தம்பி, ஐரோப்பா பூராவும் ஒண்ணுன்னு நெனச்சுக்காதீங்க. ஜெர்மனில 24 பொழுதோடயே கிஃப்ட் பிரிச்சிருவாங்க, 25, 26 ரெண்டும் லீவு. போலந்துல 2025ல இருந்து 24ம் லீவாக்கீட்டாங்க, ஜனவரி 6ம் அங்க லீவுதான். ஸ்பெயின் இருக்குது பாருங்க, அங்க கொழந்தைகளுக்கு பெரிய கிஃப்ட் வர்றதே ஜனவரி 6 அன்னைக்குத்தான், ஏசுவ பாக்க வந்த மூணு ராஜாக்க கொண்டாந்து குடுக்கறதா நம்பிக்கை, மொத நாள் பொழுதோட ராஜா வேசத்துல ஊர்வலம் போய் மிட்டாய் வீசுவாங்க. அதனால 7ந்தேதிக்கு முன்னால ஸ்பெயின்ல இருந்து அப்ரூவல எதிர்பாக்காதீங்க. ஜப்பான்ல கிறிஸ்துமஸுக்கு லீவே இல்ல, 25ந்தேதி மெயிலுக்கு பதில் வரும், ஆனா ராத்திரிக்கு கேஎஃப்சி சிக்கனுக்கு வரிசைல நிப்பாங்க (1974ல அந்த கம்பெனி பண்ணுன விளம்பரத்துல புடிச்ச பழக்கம், மார்க்கெட்டிங்னா அது!). அவங்க மூடறது டிசம்பர் 29 வாக்குல இருந்து ஜனவரி 3 வரைக்கும். சைனாதான் தலவலி. அவங்க புது வருசம் 2027ல பிப்ரவரி 6, ஃபேக்டரி ஆளுக வெகு முன்னாடியே ஊருக்கு கெளம்பீருவாங்க, ஜிப்ப டிசம்பர்லயே எறக்கீருங்க.

ஈரோட்டு மஞ்சள்:
இஸ்ரேலுக்கு பயப்படாதீங்க. யூதர்களோட ஹனுக்கா நோம்பி 8 ராத்திரி, தெனம் ஒரு வெளக்கு எச்சா ஏத்துவாங்க, ஆனா பள்ளிக்கூடத்துக்குத்தான் லீவு, ஆபீஸ் ஓடும். நிலா கணக்குங்கறதால தேதி மாறும், 2026ல டிசம்பர் 4 பொழுதோட ஆரம்பம். எண்ணெய்ல பொரிச்ச உருளக்கெழங்கு அடை, ஜாம் வெச்ச டோனட்டுன்னு ஒரே பலகாரம்.

கோபி அம்மிணி:
ஏனுங், ஊரு ஒலகத்துல எல்லா நோம்பியும் இந்த சமயத்துலயே ஒட்டுக்கா வருதே, அது ஏனுங்?

நொய்யல்கரை:
பாதிக்கு மேல சூரியன வெச்சுத்தான் அம்மிணி. டிசம்பர் 21, 22ல நம்ம பக்க பூமிக்கு நீளமான ராத்திரி. ஈரான்ல அதுக்கு யல்தான்னு பேரு, மாதுளையும் தர்பூசணியும் வெச்சுட்டு விடிய விடிய அவங்க பழைய கவிஞர் ஹாஃபிஸோட கவிதை படிப்பாங்க. சைனால தோங்ஜி, தெக்க இருக்கறவங்க அன்னைக்கு நம்ம கொழுக்கட்டையாட்ட மாவுருண்டை பண்ணுவாங்க. தென் அமெரிக்காவுல பெரு நாட்டுல குளிர் ஜூன்லங்கறதால அவங்க சூரிய நோம்பி இந்தி ராய்மி ஜூன் 24. நம்ம பொங்கலும் அந்த வகைதான், சூரியன் வடக்க திரும்பற உத்தராயணம். ஆனா நெசமா திரும்பறது டிசம்பர்ல. நாம நட்சத்திரத்த வெச்சு மகர ராசிய கணக்கு பண்றோம், பூமியோட அச்சு மெதுவா தலயாட்டறதால சுமார் 70 வருசத்துக்கு ஒரு நாள் தள்ளீட்டே போகுது. 1,700 வருசத்துக்கு முன்னால ரெண்டும் ஒரே சமயத்துல வந்துச்சு.

கோபி அம்மிணி:
அட! அப்ப தம்பி, அவங்க லீவ மட்டும் குறிச்சா எப்படி? காப்புக்கட்டுக்கு பூளப்பூவும் வேப்பிலையும் சொருகறதுல இருந்து பட்டிப்பொங்கல், பூப்பறிக்கற நோம்பி வரைக்கும் எந்த டெய்லர் வருவான்? நவம்பர்லயே பையருக்கு நம்ம லீவ எழுதி போட்ருங்க.

பல்லடத்தான்:
செரிங்க்கா, பெரிய நன்றிங்ணா. ஸ்பெயின் சாம்பிள டிசம்பர் முதல் வாரத்துலயே கூரியர் பண்ணீர்றேன். ரஷ்யா ஆர்டர் ஒண்ணு பேச்சுல இருக்குது, அங்க எப்படிங்க?

நொய்யல்கரை:
ஜனவரி 1ல இருந்து 8 வரைக்கும் மொத்தமா லீவு, அவங்க கிறிஸ்துமஸ் 7ந்தேதி. பணம் எப்படி வரும்னு மொதல்ல பேங்க்ல கேளுங்க, லீவ அப்பறம் பாக்கலாம்.