தினமும் இரண்டு வெள்ளி: புதுப்பிப்பு

சென்ற ஆண்டு இங்கே எழுதியது நினைவிருக்கலாம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், எங்கள் வீட்டு வரிசையில் சில குடும்பங்கள் போத்தல் பானம் வாங்குவதை விட்டுவிட்டு, தினமும் இரண்டு வெள்ளியை (ரிங்கிட்டை) தனியே எடுத்துவைக்கத் தொடங்கின. "இரண்டு வெள்ளியில் என்ன மாறிவிடும்?" என்று பலர் கேட்டீர்கள்.

சரி, மாறியதைச் சொல்கிறேன். ஓராண்டுக்கு 730 வெள்ளி. பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்குப் போலிடெக்னிக்கில் இடம் கிடைத்தபோது, பதிவுக் கட்டணத்துக்கு அவர் யாரிடமும் கைநீட்டவில்லை. வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்கவே படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள் இதே வரிசையில் உண்டு. அதனால் எனக்கு இது பெரிய செய்தி.

கூட்டு (பலர் சேர்ந்து பிடிக்கும் சீட்டு) பிடிக்கலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. அவரவர் பெயரில் வங்கிக் கணக்கே பாதுகாப்பு.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. ரப்பர் தோட்டங்களை முதலாளிகள் துண்டாடி விற்ற காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். ரப்பர் மரத்தில் பால் எடுத்த தொழிலாளர்கள் கட்டிய அந்தப் பணம்தான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கியது. அன்றைய கூலியில் பத்து வெள்ளி எத்தனை பெரிது!

அப்புறம், அடுத்த மாதம் பின்வரிசைக் குடும்பங்களும் தொடங்குகின்றன. கணக்குத் திறக்க உதவி வேண்டுமென்றால் கேளுங்கள், கூடவே வருகிறேன்.