கவர் லெட்டரில் முதல் பத்தி

அம்மா: அண்ணா, வேலைக்குப் பயோடேட்டாவுடன் சேர்த்து அனுப்ப இவள் கவர் லெட்டர் எழுதியிருக்கிறாள். நாளைக்குள் அனுப்ப வேண்டுமாம். கொஞ்சம் பாருங்கள்.

நான்: "தங்கள் நிறுவனத்தில் காலியாக உள்ள பணியிடத்திற்கு விண்ணப்பிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். நான் கடின உழைப்பாளி. புதியவற்றைக் கற்கும் ஆர்வம் உள்ளவள்." இப்படித் தொடங்கியிருக்கிறேன், மாமா.

பெரிய மாமா: எந்த வேலைக்கு?

நான்: கிடங்கில் சரக்கு இருப்புக் கணக்குப் பார்க்கும் வேலை.

பெரிய மாமா: கடிதத்தில் அது எங்கே? இதே வரிகளை விமானம் ஓட்டும் வேலைக்கும் அனுப்பலாம்.

சித்தி: பிள்ளையை மிரட்டாதீர்கள், அண்ணா. விளம்பரத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள், கண்ணு?

நான்: இருப்பைக் கணினியில் பதிய வேண்டும், மாத இறுதியில் சரக்கை நேரில் எண்ணிச் சரிபார்க்க வேண்டும், எக்செல் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய மாமா: இதில் நீ செய்தது எது?

நான்: எண்ணிச் சரிபார்த்தது. பழைய இடத்தில் பதிவேடும் அலமாரியும் ஒத்தே போகாது. திரும்பி வரும் சரக்கை யாரும் பதிவதில்லை என்று கண்டுபிடித்து, அதற்கென்று எக்செல்லில் தனிப் பக்கம் போட்டேன். அதன் பிறகு கணக்கு நேரானது.

பெரிய மாமா: இதைக் கையில் வைத்துக்கொண்டா "கடின உழைப்பாளி" என்று எழுதினாய்! இதுதான் உன் முதல் பத்தி.

அம்மா: பயோடேட்டாவில்தான் இருக்கிறதே, அண்ணா?

பெரிய மாமா: அதில் "இருப்புச் சரிபார்ப்பு" என்று இரண்டு சொல் இருக்கும். கணக்கு ஏன் உதைத்தது, இவள் என்ன செய்தாள் என்று சொல்லக் கடிதத்தில்தான் இடம்.

அண்ணன்: லியொனார்டோ டாவின்சி 1482 வாக்கில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இருக்கிறது. தூக்கிச் செல்லும் பாலம், பீரங்கி, போர் வண்டி என்று அடுக்குகிறார். ஓவியம் வரைவேன் என்பது கடைசியில்தான் வருகிறது.

பெரிய மாமா: படை வைத்திருப்பவனிடம் படைக்கு வேண்டியதைத்தானே முதலில் சொல்ல வேண்டும்? விவரமான ஆள்.

சித்தி: சம்பளம் இவ்வளவு வேண்டும் என்று எழுதலாமா?

பெரிய மாமா: கேட்டிருந்தால் மட்டும்.

அம்மா: நடுவில் வேலையில்லாமல் வீட்டில் இருந்தாளே, அது?

பெரிய மாமா: ஒரே வரி போதும். கெஞ்சும் குரல் மட்டும் வேண்டாம். மொத்தமே ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

நான்: இது சரியா? "சரக்கு இருப்புக் கணக்காளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். முந்தைய பணியில், பதிவேட்டுக்கும் கிடங்கு இருப்புக்கும் தொடர்ந்து வந்த வேறுபாட்டின் காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்தேன். திரும்பி வந்த சரக்குகள் பதியப்படாததே அதற்குக் காரணம்."

பெரிய மாமா: இப்போது ஆள் தெரிகிறது. எக்செல் பக்கத்தையும் சேர், அவர்கள் கேட்டதாயிற்றே.

சித்தி: மேலே "ஐயா அல்லது அம்மையீர்" என்று கிடக்கிறது. விளம்பரத்தில் பெயர் இல்லையா?

நான்: கீழே இருக்கிறது, சித்தி. மாற்றிவிடுகிறேன்.

அண்ணன்: பிடிஎஃப் ஆக்கி அனுப்பு. கோப்புக்குப் பெயர் "புதியது கடைசி 3" என்று இருக்கிறது. அங்கே உன் பெயரையும் பணியின் பெயரையும் போடு.